எம்எக்ஸ்-5 கிளட்ச் கோளாறு: ஒரு திருத்தம்
முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கியர் விழவில்லை என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இதை நம்பிச் செய்தால் பெருஞ்செலவு வீணாகும்.

தட்டு தேய்ந்தால் கிளட்ச் நழுவும்: மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சுழற்சி ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. மாறாக, பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை இறங்குவதும், ரிவர்ஸ் கியர் உராய்ந்து சத்தமிடுவதும், பெடலைப் பலமுறை விரைந்து மிதித்த பின் கியர் எளிதாக விழுவதும், ஹைட்ராலிக் (திரவ) அழுத்தம் குறைந்து கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதற்கான அறிகுறிகள்.

இந்தக் காரில், திரவ அழுத்தத்தால் நகர்ந்து கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில், வலப்பக்கம், இரண்டே போல்ட்டுகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் ரப்பர் உறையை விலக்கும்போது திரவம் வழிந்தால், கசிவு அங்கேதான். அதை மாற்றும்போதே பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் ஒன்றைப் புதுப்பித்த சிறிது காலத்தில் மற்றொன்று கசியத் தொடங்குவது வழக்கம். பிறகு டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் திரவம் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள், ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் திரவம் பெயின்ட்டை அரிக்கும் என்பதால், சிந்தியதும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கசிவும் காற்றும் இல்லாமல் கோளாறு தொடர்ந்தால் மட்டுமே கியர்பாக்ஸை இறக்குவது பற்றி யோசிக்கலாம்.