பூஞ்சைக்கும் கவர்னர் வீடு தெரியுமா?

1692இல் அமெரிக்காவின் சேலம் கிராமத்தில் பலரைச் சூனியக்காரர்கள் என்று விசாரித்துத் தண்டித்த வழக்குகளைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் "கூட்டத்துக்கே புத்தி பேதலித்துவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். ரை தானியத்தில் பிடித்த பூஞ்சைதான் பெண்பிள்ளைகளுக்கு வலிப்பை வரவழைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இது ஒட்டவே இல்லை.

மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்த கிராமம் அது. ஜெபக்கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்பதையே அந்தஸ்து பார்த்து முடிவு செய்த காலம். மதகுரு சாமுவேல் பாரிஸுக்குச் சம்பளம், விறகு விஷயத்தில் ஊரில் ஒரு பகுதியினரோடு தகராறு. அவருடைய 9 வயது மகளும் 11 வயது உறவுக்காரச் சிறுமியும்தான் முதலில் துடித்து விழுந்தவர்கள். முதலில் பிடிபட்ட மூவர் யார்? பாரிஸ் வீட்டு அடிமை டிட்யூபா, வீடு வீடாகக் கையேந்திய சாரா குட், நோயில் கிடந்து கூடத்துக்கே வராத சாரா ஆஸ்பர்ன். புத்தி பேதலித்த கூட்டம் எவ்வளவு தெளிவாகப் பொறுக்கியிருக்கிறது பாருங்கள்.

மேரி வாரனின் கதைதான் என்னை விடவே இல்லை. ஜான் பிராக்டர் வீட்டு வேலைக்காரப் பெண். அவளுக்கும் வலிப்பு வந்தது. பிராக்டர் அவளை ராட்டைக்கு முன்னால் உட்காரவைத்து, அடி விழும் என்று மிரட்டினார். வலிப்பு நின்றுபோனது. அப்புறம் அவள், மற்ற பெண்கள் நடிக்கிறார்கள் என்று வாய்விட்டுவிட்டாள். அவ்வளவுதான், அவளே சூனியக்காரி! ஏப்ரலில் குற்றவாளியாக நின்றவள், கொஞ்ச நாளில் மறுபடி விரல் நீட்டும் பக்கமே போய்ச் சேர்ந்தாள். வேறு என்ன செய்வாள்? ஆகஸ்டில் பிராக்டரைத் தூக்கில் போட்டார்கள். வேலைக்காரியின் பேச்சுக்கு நீதிபதிகள் காதுகொடுத்தார்கள், உண்மைதான். அவர்களுக்கு வேண்டியதைச் சொன்னவரைக்கும்!

ரெபெக்கா நர்ஸுக்கு 71 வயது. ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றே சொன்னது. உடனே குற்றம்சாட்டிய பெண்கள் கூச்சல் போட்டார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன் கூச்சல் போடவில்லை. விசாரணையில் கிழவி சொன்ன ஒரு வாக்கியத்தை நிதானமாக ஜூரிக்கு நினைவுபடுத்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் திரும்பி வந்து கேட்டபோது, காது மந்தமான அந்த அம்மாவுக்குக் கேள்வியே விழவில்லை. அவர் மௌனமே சாட்சியாகிவிட்டது. ஜூலை 19 அன்று தூக்கு.

நர்ஸ் குடும்பம் ஒன்றும் ஏழையில்லையே, தூக்கிலேறிய ஜார்ஜ் பரோஸ் மதகுருவாகவே இருந்தவராயிற்றே என்று கேட்பீர்கள். சரிதான், தீ மேலேயும் ஏறியது. ஆனால் நீதிபதி ஜொனாதன் கார்வினின் மாமியார் பெயரும் அடிபட்டது, அவருக்கு ஒரு வாரண்டுகூடப் போகவில்லை. கவர்னர் வில்லியம் பிப்ஸின் மனைவி பெயரும் வாயில் விழ ஆரம்பித்தது. அக்டோபரில் பிப்ஸ் நீதிமன்றத்தையே கலைத்தார். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். இன்னாரின் ஆவி உருவம் வந்து என்னை வதைத்தது என்று சொல்வதைச் சாட்சியாக ஏற்பது தவறு என்று பாஸ்டன் மதகுருமார்களும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அதற்குள் 19 பேர் தூக்கில் தொங்கியாயிற்று. வாதாட மறுத்த கைல்ஸ் கோரியைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றாயிற்று.

குற்றம்சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706இல் ஊர் முன்னால் எழுந்து நின்றாள். அவளுடைய மன்னிப்பை மதகுரு வாசித்தார். ஸ்டோட்டன் கடைசிவரை மன்னிப்பே கேட்கவில்லை. 1701இல் சாகும்போது அவர்தான் தற்காலிக கவர்னர்.