வேகப் பலகை இல்லாவிட்டால் 60 மைலா?

பிரிட்டனில் கார் பழகும் தமிழர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வேகப் பலகை இல்லாத சாலையில் 60 மைல் வரை போகலாம்." இது தவறு. நம்பி ஓட்டினால் ஆபத்தும் கூட.

பலகை இல்லையென்றால் முதலில் தெருவிளக்குகளைப் பாருங்கள். 200 கெஜத்துக்கு (சுமார் 183 மீட்டர்) மிகாத இடைவெளியில் விளக்குக் கம்பங்கள் நின்றால், வேறு பலகை இல்லாத வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வரம்பு பொதுவாக மணிக்கு 30 மைல். வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் 20 மைல். குழப்பம் பிறப்பதே இங்கேதான்: இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் விளக்குள்ள 30 மைல் சாலையில் நினைவூட்டும் சிறு பலகைகளை வைப்பதில்லை. நுழைவில் இருக்கும் பெரிய பலகையைத் தவறவிட்டால், அடுத்து உதவுவது விளக்குக் கம்பம் மட்டுமே. நடுத்தடுப்பு உள்ள இரட்டைச் சாலைக்கும் இதே விதிதான்.

60 மைல் என்பது தேசிய வரம்பு. வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட பலகை அதைக் குறிக்கிறது. "வரம்பு முடிந்தது" என்று அதற்குப் பொருள் இல்லை. நடுத்தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு 60, இருந்தால் 70. எத்தனை லேன் என்பது கணக்கில் வராது.

"10 சதவீதம் கூடினால் குற்றமில்லை" என்பதும் சட்டத்தில் கிடையாது. 30 மைல் சாலையில் 31 மைலும் மீறல்தான். குறைந்தபட்ச தண்டனை 100 பவுண்ட் அபராதம், உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகள். தேர்வில் தேறிய இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்து. பழகும்போது வாங்கி இன்னும் செல்லுபடியாகும் புள்ளிகளும் அதில் சேரும்.