காகிதத்தைக் குறைப்பது கஞ்சத்தனம் அன்று

சனிக்கிழமை நம் வியாபாரிகள் குழுவில் எழுதப்பட்டதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். கூடுதல் பில் படிகளைக் காகிதத்தில் கேட்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு, "ஒரு தாளுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் எழுத, பலர் கைதட்டினார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். காகிதத்தைக் குறைப்பது கஞ்சத்தனம் அன்று.

சரக்கு பில்லுக்கு வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என மூன்று படி என்பது ஜி.எஸ்.டி. விதி. அதில் நான் கை வைக்கவே இல்லை. லாரியோடு பில் போய்ச் சேர்ந்த பிறகும் புரோக்கருக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று, மாதக் கடைசியில் மறுபடி ஒன்று என்று கேட்பதைத்தான் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்குக்கூட வண்டிக்காரரிடம் அதன் எண் இருந்தால் போதும்.

காகிதத்தில் இருந்தால்தான் ஆதாரம் என்கிறீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் ஜவ்வரிசி மண்டி நடந்த காலத்தில், அப்பா ஒவ்வொரு வருடத்து பில்லையும் சணலால் கட்டிப் பரணில் அடுக்கி வைப்பார். விற்பனை வரிக் காலத்தில் அதிகாரி ஒரு பழைய பில்லைக் கேட்டபோது கட்டை இறக்கினோம். மேல் தாள் புதிதாக இருந்தது, உள்ளே முழுக்கக் கரையான் மண். அம்மா அதை முறத்தில் கொட்டிப் புடைத்து, எண் தெரிகிற துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இன்றைய சட்டம், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. அவற்றைக் கணினியில் வைத்திருக்கவும் அனுமதிக்கிறது. பிறகும் பரணை நிரப்பச் சொல்வது என்ன நியாயம்?

கணினி கெட்டுப் போனால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்கு: தினமும் சாயங்காலம் இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்கிறோம். அச்சகத்தார் பிழைப்பு கெடும் என்கிறீர்கள். அது நியாயமான கவலைதான், எனக்கும் உண்டு. பில் புத்தகத்தை இன்றும் அவர்களிடம்தான் அடிக்கிறேன். ஆனால் படிக்காமலே குப்பைக்குப் போகும் தாளை வாங்கி யாரையும் வாழவைக்க முடியாது.

என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் கணக்குப்பிள்ளை அண்ணன், அறுபது வயதுக்கு மேல் கணினி கற்றுக்கொண்டவர். ஒரு பக்கம் அச்சான தாள்களை நான்காக வெட்டி, ஊசி நூலால் தைத்துக் குறிப்புப் புத்தகமாக்கி வைத்திருப்பார். குழுவில் வந்ததைப் படித்த பிறகு, வருகிறவர்கள் கண்ணில் படாமல் அதை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார். "எடுத்து வெளியே வையுங்கள் அண்ணே" என்று இன்று காலை நான் சொல்ல வேண்டியிருந்தது.