டேட்டன்னா ரைட் பிரதர்ஸ் மட்டும்தானா?

ஒஹையோவுல இருக்கற டேட்டன் பேரைச் சொன்னா போதும், எல்லாரும் உடனே ரைட் பிரதர்ஸ்னு ஆரம்பிச்சிடுவாங்க. தப்பு சொல்லல. 1903 டிசம்பர்ல நார்த் கரோலினாவுல இருக்கற கிட்டி ஹாக்ல முதல் தடவை பறந்தது வெறும் 12 செகண்ட், ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டது டேட்டன் பக்கத்துல அப்ப மாடு மேஞ்சிட்டிருந்த ஹஃப்மன் ப்ரெய்ரிங்கற புல்வெளிலதான், 1905 அக்டோபர் 5 அன்னைக்கு 39 நிமிஷம் சுத்திச் சுத்தி 24 மைல் பறந்தாங்க.

ஆனா என் ஆதங்கம் வேற. ரைட் பிரதர்ஸ்ல இளையவரான ஓர்வில்கூட சேர்ந்து சென்ட்ரல் ஹைஸ்கூல்ல படிச்ச கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரை எத்தனை பேருக்குத் தெரியும்? கிளாஸ்ல ஒரே கறுப்பினப் பையன், அப்பா அம்மா ரெண்டு பேரும் கென்டக்கில அடிமையா இருந்தவங்க, இவர் ஸ்கூல் பேப்பர் எடிட்டர், இலக்கிய மன்றத் தலைவர் வேற. ஓர்வில் டிப்ளமோ வாங்காமலே பிரஸ் வச்சார், 1890ல டன்பர் நடத்தின 'டேட்டன் டாட்லர்' பத்திரிகையை அங்கதான் அடிச்சாங்க, சீக்கிரமே நின்னுபோச்சு. ஒழுங்கா படிச்சு முடிச்ச டன்பருக்குக் கிடைச்ச வேலை என்ன தெரியுமா? கேலஹன் பில்டிங்ல லிஃப்ட் ஓட்டறது. வாரம் 4 டாலர்!

முதல் கவிதைப் புக்கு 'ஓக் அண்ட் ஐவி'யை அந்த லிஃப்ட்ல ஏறுறவங்ககிட்டயே ஒரு டாலருக்கு வித்திருக்கார். யோசிச்சுப் பாருங்க, கோட்டு போட்ட யாரோ ஒருத்தர் ஏறி மாடி நம்பர் சொல்றார், இவர் கதவைச் சாத்திட்டு, மேல போறதுக்குள்ள புக்கைப் பத்தி பேச்சை எடுத்தாகணும். எனக்கு விமானத்தைவிட இந்தக் காட்சிதான் மனசுல நிக்குது. அப்புறம் பேர் வந்துச்சு, ஆனா கறுப்பின மக்களோட பேச்சு வழக்குல எழுதினதைத்தான் கொண்டாடினாங்க, மத்ததைக் கண்டுக்கலன்னு அவருக்கே வருத்தம். 1906ல டிபில செத்துப்போனார், வயசு 33.

(கெட்டரிங்கும் இந்த ஊர்லதான், காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்த மனுஷன், ஈயம் கலந்த பெட்ரோலும் அவர் டீம் வேலைதான், அந்த ஈய விஷப் பஞ்சாயத்து இன்னொரு நாள்.)

அடுத்து கேத்தரின் ரைட், தங்கச்சி. ஸ்டீல் ஹைஸ்கூல்ல லத்தீன் டீச்சர். 1908ல விமானம் விழுந்து ஓர்வில் அடிபட்டுக் கிடந்தப்ப லீவு போட்டுட்டு ஓடி, வாரக்கணக்கா ஆஸ்பத்திரில கூடவே இருந்தாங்க, அதுக்கப்புறம் பாடம் நடத்தத் திரும்பவே இல்ல. அவ்வளவு செஞ்சவங்க 52 வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு அண்ணன் பேச்சையே நிறுத்திட்டார். ஓர்வில் மேல எனக்கிருந்த மரியாதை இந்த இடத்துல சட்டுனு இறங்கிடுச்சு, மறைக்க ஒண்ணுமில்ல. 1929ல நிமோனியா முத்திப்போய் கடைசி நேரத்துலதான் பார்க்கப் போனார்.

கேத்தரின் செத்தது கேன்சஸ் சிட்டில, புருஷன் வீட்ல. புதைச்சது டேட்டன் வுட்லேண்ட் கல்லறைத் தோட்டத்துல, ரைட் குடும்ப இடத்துல. டன்பரும் அதே தோட்டத்துலதான் இருக்கார். 1948ல ஓர்வில் போனப்ப அவரையும் தங்கச்சி இருக்கற இடத்துக்கே கொண்டுவந்தாங்க.