பாசிக்கு மட்டும் கரண்ட்டு வேணாமாம்

இன்னொரு தடவ எவனாவது வந்து "மீன் தொட்டிய ஒழுங்கா கழுவுங்க, பாசி தன்னால போயிரும்"னு சொன்னான்னா அந்தக் கழுவுன தண்ணிய அவன் தலையில ஊத்திட்டுதான் மறுவேல பாப்பேன். சொல்லிட்டேன். கழுவாம என்னத்தய்யா பண்ணுறேன் நானு? யாங்கோன்ல தம்வேங்கிற ஏரியா, அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ரெண்டடி தொட்டி, 60 லிட்டர் தண்ணி, வாரா வாரம் பாதி தண்ணி மாத்துறேன், அதுவும் கரண்ட்டு இருக்கிறப்ப மோட்டார் போட்டு மேல ஏத்தி புடிச்சு வச்ச தண்ணி, வீட்டுல குளிக்கவே கணக்குப் பாத்து மொண்டு ஊத்துறோம், அதுல நான் 30 லிட்டர் மீனுக்கு எடுத்துட்டேன்னு அம்மா ஒரு பக்கம் முறைக்குது. இவ்வளவும் பண்ணி அனுபியாஸ்ங்கிற தண்ணிச் செடியோட இலை ஓரமெல்லாம் கறுப்பு தாடி மாதிரி கொத்து கொத்தா தொங்குது. தாடின்னா சும்மா இல்ல, ஒரு மாசம் செரைக்காதவன் தாடி.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. இந்தக் கறுப்பு தாடிப் பாசி அழுக்குல வர்றது இல்ல. அது பாசியிலயே சிவப்புப் பாசி குடும்பம், பாக்கத்தான் கறுப்பு, சாராயத்துல கொஞ்சம் போட்டு வச்சுப் பாருங்க செவந்து போயிரும். தண்ணி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தாலும் வரும். தண்ணில கார்பன் டை ஆக்சைடு ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் எறங்கி தடுமாறிக்கிட்டே இருந்தா செடி என்ன பண்றதுன்னு தெரியாம சுணங்கிப் போகும், சுணங்கின இலையில வந்து இது ஒட்டிக்கும். வயசான மெதுவான இலையா பாத்து ஒட்டும். அதனாலதான் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் மொதல்ல மாட்டுது, அதுங்க வளர்றதே ஆமை வேகம். ஆக பிரச்சன அழுக்கு இல்ல, தடுமாத்தம். இந்த ஊருல தடுமாத்தத்துக்கு என்ன பஞ்சம்?

மெட்ராஸ்ல இருக்கிற என் மச்சான் போன்ல பாடம் எடுக்குறான். "மச்சான், ஒண்ணும் இல்ல, தெனமும் ஒரே டைம்ல லைட்ட போடு, ஒரே டைம்ல ஆஃப் பண்ணு, ஆறு மணி நேரம் போதும், ஒரு டைமர் வாங்கி மாட்டு, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! வாங்கி மாட்டுனேன்யா. அந்த வட்டமா முள்ளு முள்ளா குச்சி அமுக்குற டைமர், வெல கம்மின்னு. யாங்கோன்ல நாலு மணி நேரம் கரண்ட்டு இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது, அது மாதிரி போயிட்டிருந்த நேரம். கரண்ட்டு போனா அந்த டைமரோட கடிகாரமும் நின்னுரும்ல, அது என் மண்டைக்கு ஒரு வாரம் ஏறவே இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான் அது சுத்துது, அப்ப டைமருக்கு ஒரு நாள்ங்கிறது நமக்கு ரெண்டு நாள், என் தொட்டிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் விடியுது. ராத்திரி ரெண்டு மணிக்கு திடீர்னு ஹால்ல லைட்டு பளீர்னு எரியும், அம்மா திருடன்னு நெனச்சு எந்திரிச்சு உக்காரும், மீனெல்லாம் பேய் புடிச்ச மாதிரி நிக்கும். ஒரு வாரம் இப்படி.

சரின்னு உள்ள பேட்டரி வச்ச டிஜிட்டல் டைமர் வாங்குனேன். அது கரெக்டா நேரம் காட்டுது, ஒப்புக்குறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு கரெக்டா ஸ்விட்ச போடுது. கரண்ட்டுதான் ஒரு மணிக்கே போயிருச்சே!

இதாவது லைட்டு. ஃபில்டர் கதை இதவிட வயித்தெரிச்சல். கேனிஸ்டர் ஃபில்டர், கீழ வச்சு குழாய் போட்டு மேல ஏத்துறது, ஆசையா சேத்து வச்ச காசுல வாங்குனது. அந்த ஃபில்டருக்குள்ள இருக்கிற நல்ல பாக்டீரியாதான் மீன் போடுற கழிவுல வர்ற அமோனியாவத் தின்னுட்டு தண்ணிய நல்லா வைக்குது, அதுக்கு ஆக்சிஜன் வேணும், ஓடுற தண்ணிதான் ஆக்சிஜன கொண்டு வரும். மூடி போட்ட டப்பா, தண்ணி நாலு மணி நேரம் ஓடலன்னா உள்ள இருக்கிற ஆக்சிஜன அதுங்களே குடிச்சுத் தீத்துரும், அப்புறம் மூச்சு முட்டி வேலைய நிறுத்திரும், அதுவும் சித்திர மாச வெயில்ல வீட்டுக்குள்ளயே தண்ணி 33 டிகிரி, சூடான தண்ணில ஆக்சிஜன் நிக்கிறதே கம்மி. கரண்ட்டு வந்த ஒடனே ஃபில்டர் உள்ள அழுகிக் கெடந்ததயெல்லாம் ஒரே மூச்சுல தொட்டிக்குள்ள வாந்தி எடுக்கும். தெருவே "மீ லா பீ"ன்னு, அதான் பர்மீஸ்ல கரண்ட்டு வந்துருச்சுன்னு, சந்தோஷமா கத்துது, நான் மட்டும் வாளியத் தூக்கிட்டு ஓடுறேன், குழாயக் கழட்டி மொதத் தண்ணிய வாளிக்குள்ள விட்டுட்டுதான் தொட்டில மாட்டணும், இல்லன்னா முட்டை அழுகுன நாத்தம். கரண்ட்டு வந்ததுக்கு வருத்தப்படுற ஒரே ஆளு இந்த ஊருலயே நான்தான்.

வீட்டுல இருக்கிறவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது, அதுதான் இன்னும் கடுப்பு. கரண்ட்டு போனா ஃபேன் நின்னுரும், வேக்காடு தாங்காது, "என்னங்க, ஜன்னல தொறந்து விடுங்க"ன்னு அவ சொல்றது நியாயம்தான, புள்ளைக்கு வேர்க்குரு. ஜன்னல் மேக்க பாத்த ஜன்னல். நான் தொட்டிய வச்சிருக்கிறது அதுக்கு நேரெதிர்ல, வேற எடமும் இல்ல. தெரை விலகுன ஒடனே மூணு மணி வெயிலு நேரா கண்ணாடில. போன வைகாசில தண்ணியே பச்சையாயிருச்சு, பச்சைன்னா கிள்ளுன கீரைய அரச்சு ஊத்துன மாதிரி, மீன் கண்ணாடிக்கிட்ட வந்தாதான் உசுரோட இருக்குன்னு தெரியும். அது வேற பாசி, தண்ணிலயே மெதக்குற ஒத்தை அணுப் பாசி, அமோனியாவும் வெயிலும் சேந்தா கெளம்பிரும். பக்கத்து வீட்டு அகோ (பர்மீஸ்ல அண்ணன்) எட்டிப் பாத்துட்டு சிரிக்கிறாரு, இதுல வாத்து வளக்கலாமேன்னு. அம்மா பங்குக்கு, பாசி புடிச்ச தண்ணிய நடுவீட்டுல வச்சா லட்சுமி எப்புடிடா தங்குவா, அனோரத்தா ரோட்டு காளியம்மனுக்கு ஒரு வெளக்கு போட்டுட்டு வான்னு சொல்லுது. போட்டேன். வெளக்கும் போட்டேன், போர்வையப் போட்டு நாலு நாள் தொட்டிய மூடியும் வச்சேன், தண்ணி தெளிஞ்சுருச்சு, பேரு யாருக்குப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த ஈஸ்ட்டு பாட்டில் விஷயத்துல மட்டும் தப்பு என் மேலதான். சிலிண்டர் வச்சு கார்பன் டை ஆக்சைடு விடுற வசதியெல்லாம் இல்லாம, ரெண்டு லிட்டர் பாட்டில்ல சக்கரத் தண்ணியும் ஈஸ்ட்டும் போட்டு குழாய் விட்டேன், எல்லாரும் சொல்ற வித்தைதான். குளிரு ஊருல ரெண்டு வாரம் நிதானமா வர்ற கேஸு இங்க சூட்டுல மூணு நாள் பொங்கித் தள்ளிட்டு அப்புறம் சொட்டு சொட்டா வருது. அதுலயும் ராத்திரி நிறுத்த முடியாது, செடி ராத்திரில கார்பன் டை ஆக்சைடு எடுக்காது, அதுவும் மூச்சு விடும், கரண்ட்டு இல்லாம மேல தண்ணி கலங்கவும் கலங்காது, விடிகாலைல பாத்தா மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது. ஏறி எறங்குறது பாசிக்கு விருந்துன்னு மேல நானே எழுதுனேன்ல, அந்த விருந்துக்கு எலை போட்டதே நான்தான்.

இனி கடைக்காரர். பேரு வேணாம், எந்தத் தெருன்னும் வேணாம். "பாசிக்கு நல்ல மருந்து இருக்கு, ரெண்டே நாள்"னு ஒரு பாட்டில் குடுத்தாரு, மேல என்ன மருந்துன்னு படிக்க முடியாத எழுத்து. ஊத்துனேன். ரெண்டே நாள்தான், பொய் சொல்லல, ரெண்டே நாள்ல எறா பூரா மல்லாந்துருச்சு. அப்புறம்தான் தேடிப் பாத்தேன், பாசி மருந்துல நெறைய செம்புச் சத்து வச்சுதான் செய்யிறாங்க, எறாவுக்கும் நத்தைக்கும் செம்பு வெஷம். பாசி? தாடிய தடவிக்கிட்டு அப்படியே இருந்துச்சு.

அதே கடையில "பாசி தின்னி"ன்னு ஒரு மீனும் வாங்குனேன், ஏமாளின்னா ஒரு தடவயோடயா நிப்பான். சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர் கேட்டேன், அதுதான் சின்ன வயசுல இந்தத் தாடியத் திங்கும், அதுக்கு ஒடம்புல கறுப்புக் கோடு வாலோட கடேசி வரைக்கும் போவும். அவரு குடுத்தது வாயால கண்ணாடில உறிஞ்சி ஒட்டிக்கிற வேற சாதி, சைனீஸ் ஆல்ஜி ஈட்டர்னு விப்பாங்க, குட்டில ரெண்டு நாள் பாசி மேயுற மாதிரி நடிச்சுட்டு பெருசானா மத்த மீனோட முதுகுல ஒட்டி மேல இருக்கிற வழுவழுப்ப உறிஞ்ச ஆரம்பிச்சுரும். தொட்டிலயே பெரிய ரவுடி இப்ப அவன்தான். திருப்பிக் குடுக்கப் போனா, "அகோ, அது ஒரே குடும்பம்தான்"னு சிரிக்கிறாரு. எந்தக் குடும்பம்? உங்க குடும்பமா?

வயிறு எரியிற எடம் ஒண்ணு இருக்கு. நான் தொட்டில வச்சிருக்கிறது நம்ம பர்மா நாட்டு மீனு. ஷான் மாநிலத்துல ஹோபோங் பக்கம் 2006ல கண்டுபுடிச்ச கேலக்ஸி டானியோ, நீல ஒடம்புல முத்து முத்தா புள்ளி, செவப்பு செட்டை, ரெண்டு சென்டிமீட்டர் நீளந்தான் இருக்கும். அது பொறந்த எடம் ஆயிரம் மீட்டருக்கு மேல, குளுகுளுன்னு தெளிஞ்ச தண்ணி, செடி அடர்ந்த குட்டைங்க. இப்ப ஜெர்மனில எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல, நிக்காத கரண்ட்டுல, ஒரு துளி பாசி இல்லாம இத முட்டை போட வச்சு வீடியோ போடுறான். பஸ்ல ஏறுனா ஒரு ராத்திரியில போயிர்ற தூரத்துல பொறந்த மீன நான் 33 டிகிரி தண்ணில வச்சு மன்னிப்பு கேட்டுட்டு இருக்கேன். ஐஸ் பாட்டில் போடலாமேன்னு எழுதிராதீங்க, ஐஸுக்கும் கரண்ட்டு வேணும்.

இப்ப கொஞ்சம் அடங்கியிருக்கு, அதையும் சொல்லிர்றேன், இல்லன்னா பொலம்புறதுக்கே பொறந்தவன்னு நெனப்பீங்க. ரொம்ப தாடி புடிச்ச இலையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டேன், ஒரு தடவ புடிச்ச இலை தேறாது, பாவம் பாக்கக் கூடாது. மிச்சத்துக்கு மருந்துக் கடையில புண்ணு கழுவ விக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 15 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து பாசி மேலயே மெதுவா விட்டேன், ஃபில்டர நிறுத்திட்டு (நிறுத்துறதுக்கு நான் எங்க மெனக்கெட்டேன், அதுவே நின்னு கெடந்துச்சு, வாழ்க்கைல மொத மொதல்ல கரண்ட்டு கட்டு ஒதவுன நாள்). புசுபுசுன்னு குமிழி வந்து மூணாம் நாள் பாசி ரோஸ் கலராயிருச்சு, ரோஸாச்சுன்னா செத்துருச்சுன்னு அர்த்தம், அப்புறம் புது எறா நாலு வாங்கி விட்டதுல அதுங்களே மேஞ்சு முடிச்சுதுங்க. சக்கர பாட்டில தூக்கிப் போட்டாச்சு. ஜன்னல் பக்கத்துக் கண்ணாடில கறுப்பு அட்டை ஒட்டியாச்சு, இப்ப ஜன்னலும் தொறக்கலாம், வீட்டுலயும் சண்டை இல்ல. லைட்ட 12 வோல்ட் பட்டைக்கு மாத்தி சோலார் பேட்டரில குடுத்துட்டேன், தெனமும் மத்தியானம் ரெண்டுல இருந்து எட்டு, கரண்ட்டு இருக்கோ இல்லையோ. ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒண்ணு, ஏர் பம்ப் ஒண்ணு, அதுவும் அதே பேட்டரில. ஃபேன் இழுக்கிறதுல கால்வாசி கூட அது இழுக்காதுன்னு மீட்டர் வச்சு அளந்து காட்டுனதுக்கு அப்புறம்தான் அம்மா ஒத்துக்கிச்சு, அதுவும் தன்னோட ஃபேன் வயரத் தொடக் கூடாதுங்கிற கண்டிஷனோட.

ஸ்பான்ஜ் ஃபில்டர் வெல, அந்த கேனிஸ்டருக்கு நான் குடுத்ததுல இருபதுல ஒரு பங்கு கூட வராது. அத நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

கேனிஸ்டர் விக்கிறதுக்கு இருக்கு, பாதி வெல, குழாயோட. வீட்டுல சொந்த ஜெனரேட்டர் வச்சிருக்கிறவங்க மட்டும் கேளுங்க, மத்தவங்க கேட்டா நான் குடுக்க மாட்டேன். அந்த ரவுடி மீனு இலவசம்.