“பிடிஎஃப் இருக்கா?” என்று கேட்பவர்களுக்கு

ஒரு புதுப் புத்தகத்தின் அட்டைப்படத்தை முகநூலில் போட்டு அரை மணி நேரம் ஆகாது, முதல் ஆள் வந்துவிடுவார்: “பிடிஎஃப் இருக்கா அண்ணே?” விலை என்ன, எங்கே கிடைக்கும் என்ற பேச்சே இல்லை. எழுதியது யார் என்றுகூடக் கேட்கமாட்டார். அடுத்தவர் “எனக்கும்” என்பார். மூன்றாவது ஆள் ஒரு நம்பரைப் போட்டு “இதுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க காக்கா” என்பார் (காக்கா என்றால் அண்ணன்). எங்கள் ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் ஊருக்கு நாலு வாட்ஸ்அப் குழு. வெள்ளிக்கிழமை வெளியான புத்தகம் ஞாயிறு மத்தியானத்துக்குள் அத்தனையிலும் சுற்றி முடித்துவிடுகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

“பப்ளிஷருக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்று கேட்கிறார்கள். கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். டெம்மி அளவில், அதாவது வழக்கமான நாவல் அளவில், 200 பக்கம், விலை 250 ரூபாய், 300 பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு பதிப்பகங்கள் இப்போது இந்த அளவில்தான் அடிக்கின்றன. மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சில் 1,000 பிரதி போனால் ஒரு பிரதியின் அடக்க விலை நன்றாக இறங்கும், ஆனால் அந்த 1,000-ஐ வாங்க ஆள் வேண்டும், அடுக்கிவைக்க இடம் வேண்டும். அதனால் டிஜிட்டல் அச்சு. பிரதிக்கு 100 ரூபாய் அங்கே போய்விடும். கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு, 87 ரூபாய் 50 காசு. எழுத்தாளருக்கு 10 சதவீத ராயல்டி, 25 ரூபாய். மிச்சம் 37 ரூபாய் 50 காசு. முந்நூறும் விற்றுத் தீர்ந்தால் 11,250. பக்கத்துக்கு 20 ரூபாய் வீதம் பிழை திருத்தி மெய்ப்பு பார்க்க 4,000, வடிவமைப்புக்கு இன்னொரு 4,000, அட்டைக்கு 3,000 கொடுத்தால் கையில் நிற்பது 250 ரூபாய். ஒரே ஒரு புத்தகத்தின் விலை! அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, காகிதத்துக்கு உண்டு. அதையும் இந்தப் பணத்துக்குள்தான் தாங்க வேண்டும். பத்தே பத்துப் பேர் “பிடிஎஃப் வந்துருச்சு” என்று வாங்காமல் விட்டால் போதும், பதிப்பாளர் கைக்காசு போட வேண்டும்.

ஊரறிந்த எழுத்தாளரின் பத்துப் பதிப்பு கண்ட நாவலுக்கு ஒரு பிடிஎஃப் கீறல்தான், தாங்கிக்கொள்ளும். நம் கரையைப் பற்றிய புத்தகத்துக்கு அது சாவு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றி, கீழக்கரைச் சங்கு குளிப்பைப் பற்றி, கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒருவர் கிழவர் கிழவிகளைத் தேடித் தேடிக் கேட்டு எழுதுகிறார். அதைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய முந்நூறு பேர் எங்கே இருக்கிறார்கள்? பாம்பனில், தங்கச்சிமடத்தில், தேவிபட்டினத்தில், ஏர்வாடியில், இங்கிருந்து துபாய்க்கும் சவுதிக்கும் போன வீடுகளில். அதே முந்நூறு பேர்தான் அந்த வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறார்கள். ஒரு ஃபார்வர்டில் மொத்தச் சந்தையும் முடிந்தது. அந்த எழுத்தாளருக்கு இரண்டாவது புத்தகம் போட எந்தப் பதிப்பகம் முன்வரும்?

மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போடுகிற கரை இது. ஒரு புதுப் புத்தகத்துக்கு அந்த இரண்டு மாதத்தைக்கூட விடமாட்டோம் என்றால் எப்படி?

இதில் வருகிற பிடிஎஃப் யோக்கியமாகவாவது இருக்கிறதா? பெரும்பாலும் கைபேசியில் படம் பிடித்தது. இடது ஓரத்தில் பக்கத்தை அமுக்கிய கட்டைவிரல். நடு மடிப்பில் வரிக்கு இரண்டு எழுத்து இருட்டுக்குள் போயிருக்கும். 97-ஆம் பக்கத்துக்குப் பிறகு 100 வரும், ஏனென்றால் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே டெலிகிராம் சேனலின் பெயர்! திருடியவர் தன் பெயரை எழுத்தாளர் பெயரைவிடப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறார். சில பிரதிகளில் நூலக முத்திரை அப்படியே தெரிகிறது. படம் எடுக்க முழுதாக விரித்து அமுக்கியதில் முதுகுப் பசை விண்டு, அந்த நூலகப் பிரதியும் தாள் தாளாகக் கழன்றிருக்கும்.

இன்னொரு வகை சுத்தமான பிடிஎஃப். அது உள்ளிருந்து கசிவது. விமர்சனம் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கியவர் நண்பருக்கு மட்டும் அனுப்புவார், அந்த நண்பர் ஒரு குழுவுக்கு அனுப்புவார். பதிப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டும்: அச்சுக்குப் போகும் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு அத்தியாயம் போதும். முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்துக்குப் பக்கம் வாங்குபவர் பெயரை மங்கலாகப் பதித்துக் கொடுங்கள். கசிந்தால் யாரிடமிருந்து என்றாவது தெரியும்.

யூடியூப் கதை தனி. முழு நாவலையும் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து ஏற்றிவிட்டு, “தமிழுக்குச் சேவை” என்கிறார்கள். விளம்பர வருமானம் மட்டும் சேவைக்காரருக்கு. அதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். புகார்ப் படிவம் அங்கேயே இருக்கிறது. 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சேனலே போய்விடும். எழுத்தாளர்கள் கூச்சப்படாமல் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

“நான் என்ன விற்கிறேனா?” என்பவர்களுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். குற்றம் குற்றம்தான். 2013 பதிப்புரிமை விதிகளின்படி எழுத்தில் புகார் கொடுத்தால் இணையத் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். 250 ரூபாய் மிச்சம் பார்த்தவர் எந்தக் காசில் வக்கீல் வைப்பார்?

கடை இல்லை என்கிற குறை நியாயமானது. கரையோரத்தில் நாவல் வாங்க ஒரு கடை தேடினால் ராமநாதபுரம் போ, மதுரை போ என்பார்கள். புத்தகத்தைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சலையும் 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியது பெரிய அநியாயம், அதற்காகவும் குமுற வேண்டும். 2025 மே முதல் புத்தகம் அனுப்ப அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. மேலே சொன்ன 200 பக்கப் புத்தகம் உறையோடு 250 கிராம் சுற்றித்தான் வரும். பதிப்பகத்தில் இந்த வழியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கிண்டில் இருக்கிறது. காசே இல்லையா, கிளை நூலகத்தில் உறுப்பினராகி அந்த நூலை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இலவசமாகவே வேண்டுமா, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் ஆயுசுக்கும் படிக்கக் கிடக்கிறது, யார் வயிற்றிலும் அடிக்காமல்.

உமறுப்புலவருக்குக் கை கொடுத்த சீதக்காதி கீழக்கரைக்காரர். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்த பாண்டித்துரைத் தேவர் இந்தச் சீமைக்காரர். தன் காசைப் போட்டுத் தமிழை வளர்த்த மண்ணிலிருந்து 250 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஓசிக் கை நீள்வதை எப்படிப் பொறுப்பது?

குழு அட்மின்களுக்கு ஒன்று. உங்கள் குழுவில் யார் போட்ட பதிவையும் எல்லோருக்குமாக நீக்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கோப்பை அழுத்திப் பிடித்து உடனே நீக்குங்கள். ஏற்கெனவே இறக்கியவர் கைபேசியில் அது கிடக்கலாம், அதனால் ஒரு மணி நேரத் தாமதம்கூட ஆகாது. நீக்கிய இடத்திலேயே பதிப்பகத்தின் எண்ணையும் விலையையும் போடுங்கள்.