இடம் மாற்றினால் நெரிசல் தீருமா?
மதுரை அரசரடியில் இருக்கும் மத்தியச் சிறையை ஊருக்கு வெளியே பெரிதாகக் கட்டிவிட்டால் கைதிகள் நெரிசல் தீரும் என்று ஓர் அதிகாரி சொன்னதாக, சிறை இடமாற்றம் பற்றி நான் படித்த கட்டுரையில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், மாற்றட்டும், சரி. ஆனால் நாட்டில் சிறையில் கிடப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகளாச்சே! என் சித்தப்பா மகன் ஜாமீன் கிடைத்த பிறகும் இருபது நாள் உள்ளே இருந்தான். இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடி சித்தப்பா மஞ்சப்பையோடு அலைந்தார். கிடைத்த ஒருவரையும் வீட்டு வரி ரசீதில் இனிஷியல் மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணையின்போதே சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் (தூக்கு, ஆயுள் வழக்குகள் நீங்கலாக) என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 479ஆவது பிரிவு. நாள் கணக்குப் பார்த்து நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். இதுவரை எத்தனை பேருக்கு எழுதினார்கள் என்று அந்த அதிகாரியிடம் கேட்டிருக்கலாமே.